பணத்தைப் பற்றிக் கவலையில்லை என்றால்: வீட்டுக்குள் ஒரு கடல் தொட்டி அமைக்க முழுமையான வழிகாட்டி

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது என் வீட்டில் நாலடி நீளத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டி இருந்தது. பிற்பகலில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் நள்ளிரவு வரை தாங்கியது. அதற்குப் பிறகு நானும் மனைவியும் விடிய விடிய மாறி மாறிக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மறுபடி அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். மேற்பரப்பு கலங்கினால்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்கும். மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது ஏழு மீன்களில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. அந்தத் தொட்டிக்கு நான் வாங்கிய விளக்கு ஒன்றே ஒரு மாதச் சம்பளம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பேட்டரி வாங்கியிருந்தால் ஏழும் பிழைத்திருக்கும்.

காசுக்குக் குறையே இல்லையென்றால் எப்படிக் கட்டுவீர்கள் என்று யாராவது கேட்டால், அந்த மூன்று நாட்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும். என் பதில் இது: பணத்தில் முக்கால்வாசியைச் சுவருக்குப் பின்னால், வருகிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில் போடுங்கள். நிறையத் தண்ணீர், முக்கியமான கருவி ஒவ்வொன்றிலும் இரண்டு, அவசரப்படாமல் காத்திருக்க ஒரு வருடம். கடல் மீனுக்கு நாம் வாங்கிக் கொடுக்கக்கூடிய பெரிய வசதிகள் இவைதான். சென்னையில் ஒரு தனி வீட்டை மனதில் வைத்து, முதல் செங்கல்லிலிருந்து கடைசி மீன் வரை எப்படிச் செய்வேன் என்று எழுதுகிறேன். மதுரைக்கும் கோவைக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதலில் ஒரு முடிவு: பவளமா, மீனா?

கனவுத் தொட்டி என்றதும் வெளிநாட்டுப் படங்களில் பார்த்த பவளத் தோட்டம்தான் எல்லாருக்கும் மனதில் வரும். இந்தியாவில் அதற்கு வழியில்லை. பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படித்தான். வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரை போகும். உயிரோடு இருந்தால்தான் குற்றம் என்றும் நினைக்க வேண்டாம், செத்துக் காய்ந்த பவளத் துண்டும் அதில் சேர்த்திதான்.

இந்தச் சட்டத்தை நான் மனதார ஏற்கிறவன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அங்கே பல காலமாகப் பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சில தீவுகள் தேய்ந்து தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. அங்கிருந்து ஒரு கிளையை ஒடித்து நம் கூடத்தில் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பவளம் இல்லாததில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது. பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டும் வளர்க்க முடியாத மீன்கள் பல உண்டு. எம்பெரர் ஏஞ்சல், பட்டர்ஃப்ளை மீன் போன்றவை பவளத்தைக் கொத்தித் தின்றுவிடும். நம் தொட்டியில் அந்தப் பயமே இல்லை. விளக்குக்கு ஆகும் லட்சங்களும் மிச்சம். அதனால் என் கனவுத் தொட்டி மீனும் பாறையும் கடற்பாசியும் உள்ள தொட்டி. இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் பிற்பாடு வரும் கணக்கெல்லாம் தெளிவாகிவிடும்.

இடமும் எடையும்

அளவு: நீளம் 8 அடி, அகலம் 4 அடி, உயரம் இரண்டரை அடி. உள்ளே சுமார் 2,260 லிட்டர் பிடிக்கும். இதைவிட உயரம் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நம் கை நீளமே ஏறக்குறைய இரண்டரை அடிதான். எட்டாத அடித்தரையில் செத்த மீன் கிடந்தால் எடுக்கவும் முடியாது, பாறை சரிந்தால் நிமிர்த்தவும் முடியாது. மீனும் மேலும் கீழுமாக நீந்துவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நீந்தும். காசு இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். மூன்றடி அகலத்தில் பாறை சுவர் மாதிரி நிற்கும், நாலடி இருந்தால்தான் பாறைக்குப் பின்னால் மீன் மறைந்து, சுற்றி வந்து வெளிப்படும்.

தண்ணீர், கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்த்தால் 3 டன்னுக்குக் குறையாது. தொட்டி நிற்கும் இடமோ ஏறத்தாழ 3 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் புழங்கு எடை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆகவே தரைத்தளம், அதுவும் தனி அஸ்திவாரம் போட்ட மேடை. ஏற்கெனவே கட்டிய வீடாக இருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டாமல் தொட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மேடைக்கு இரும்பு வேண்டாம், உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். கான்கிரீட்டில் கட்டி மேலே கிரானைட் போட்டு, மட்டப் பலகை வைத்துப் பார்த்து, அதன்மேல் அடர்த்தியான நுரைப் பலகை விரியுங்கள். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தொட்டியின் அடி வரட்டும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் கண் மட்டத்தில் மீன் நீந்தும். மேற்கு வெயில் விழும் சுவர் மட்டும் கூடாது.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

அக்ரிலிக் எடை குறைவு, தெளிவும் அதிகம். ஆனால் கீறல் விழும். பாசி துடைக்கும் காந்தத்தில் ஒரே ஒரு மணல் சிக்கினால் போதும், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் கண்ணாடிதான் எடுப்பேன். முன்பக்கத்துக்கு இரும்புச் சத்து குறைந்த தெளிகண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் பச்சைச் சாயல் தடிமன் கூடக்கூடத் தெரியும், மீனின் மஞ்சளும் சிவப்பும் மங்கிப்போகும். இந்த அளவுக்கு 19 மி.மீ. தடிமனும், மேல் விளிம்பைச் சுற்றி உட்பக்கம் ஒட்டிய கண்ணாடிப் பட்டையும் வேண்டும்.

ஒட்டி முடித்த சிலிக்கோன் நன்றாக இறுகட்டும். பிறகு நல்ல தண்ணீரை நிரப்பிப் பத்து நாள் சும்மா விடுங்கள். கீழே செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

பின் அறை

பணம் இருக்கிறவரும் இல்லாதவரும் பிரியும் இடம் இதுதான். தொட்டி கூடத்துச் சுவருக்குள் பதிந்திருக்கும். சுவருக்குப் பின்னால் பத்துக்கு எட்டு அடியில் ஒரு வேலை அறை. வடிகால் உள்ள தரை, அதை நோக்கிச் சரிவு, வழுக்காத டைல்ஸ், ஒரு பெரிய சிங்க். ஒரு பக்கம் 500 லிட்டர் தொட்டிகள் இரண்டு, ஒன்றில் சுத்த நீர், மற்றதில் கலந்து வைத்த உப்புநீர். இன்னொரு பக்கம், புது மீனை நோய் இல்லை என்று உறுதியாகும்வரை தனியே வைக்கும் தனிமைத் தொட்டிகள் மூன்று. தொட்டிக்குப் பின்னால் ஏறி நிற்க ஒரு படிமேடை, எட்டாத நடுப்பகுதிக்கு ஒரு நீண்ட இடுக்கி.

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் குனிந்து படுத்து வேலை செய்கிறவர்கள், கொஞ்ச நாளில் அந்த வேலையைத் தள்ளிப்போட ஆரம்பிப்பார்கள். நிமிர்ந்து நின்று, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியின் கப்பைக் கழுவ முடிந்தால் தினமும் கழுவுவீர்கள். தொட்டியின் ஆயுள் இந்தச் சின்ன வசதியில்தான் இருக்கிறது. வெளிநாட்டு விளக்கா, இந்த அறையா என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அறையைக் கட்டுங்கள்.

இந்த அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். இவ்வளவு பெரிய பரப்பிலிருந்து, அதுவும் ஏ.சி. ஓடும் வீட்டில், தினம் 20 லிட்டர் ஆவியாவது சாதாரணம். அவ்வளவு ஈரமும் வெளியேற வழியில்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், பெயின்ட் உரியும்.

தண்ணீர் ஓடும் வழி

தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து, பின் அறையில் இருக்கும் சம்ப் என்ற கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கே சுத்தமாகி, பம்ப் வழியாக மறுபடி மேலே போகும். இறங்கு குழாய் ஒன்று போதும் என்று பிளம்பர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள், மூன்று வையுங்கள். முதல் குழாய் வால்வால் கட்டுப்படுத்தி நிறைந்து ஓடும், சத்தமே வராது. இரண்டாவதில் மெல்லிய ஓடை மட்டும். மூன்றாவது காய்ந்தே இருக்கும். முதலிரண்டும் நத்தையாலோ பாசியாலோ அடைபட்டால் மூன்றாவது தாங்கிக்கொள்ளும். மீன் வளர்ப்பவர்கள் பல வருடம் வீட்டுத் தரையை நனைத்துக் கற்றுக்கொண்ட அமைப்பு இது.

சம்ப் 800 லிட்டர் பிடிக்கட்டும், ஆனால் ஓடும்போது 500 லிட்டர்தான் இருக்க வேண்டும். காரணம் எளிது. கரண்ட் போனால் மேலே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். நம் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் குறைந்தாலே 30 லிட்டர். காலி இடம் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் கூடத்துக்கு வரும். பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையும் போட்டு வையுங்கள். மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது என் வழக்கம்.

மேலே அனுப்பும் பம்ப் மணிக்குப் பத்தாயிரம் லிட்டர். ஒரே பெரிய பம்ப் வேண்டாம், ஐயாயிரத்தில் இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். தொட்டிக்குள் அலையை உண்டாக்கும் வேவ்மேக்கர்கள் நான்கு. எல்லாம் சேர்ந்து மணிக்கு நாற்பது ஐம்பதாயிரம் லிட்டரைத் தள்ள வேண்டும்.

சம்ப்பில் முதலிடம் புரோட்டீன் ஸ்கிம்மருக்கு. நுண்ணிய காற்றுக் குமிழிகளைத் தண்ணீரோடு கலந்தால், மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள கரிமப் பொருள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். கடற்கரையில் அலை அடித்துச் சேரும் நுரையும் இப்படி வருவதுதான். அழுக்கு, அமோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியேறிவிடும். தண்ணீருக்கு ஆக்சிஜனும் ஏறும். ஜெர்மனியின் ராயல் எக்ஸ்குளூசிவ், டெல்டெக் போன்ற நிறுவனங்களின் ஸ்கிம்மர்கள் விலை உயர்ந்தவை, அந்த விலை தகும். தொட்டியைப் போல் இரண்டு மடங்கு கொள்ளளவுக்குச் செய்ததை எடுங்கள். பெரிய மீன்கள் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும்.

சம்ப்பில் அதற்கு அடுத்த தடுப்பில் கேட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசி. மீன் பிடிக்கும் நரம்பைச் சுருட்டிப் போட்ட மாதிரி இருக்கும். கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது தின்று வளரும், வாரம் ஒரு கைப்பிடி பிடுங்கி எறிந்தால் அவையும் அதோடு வெளியேறிவிடும். மேல் தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் இதன் விளக்கு எரியட்டும். இரவில் பி.ஹெச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, இறங்குவதை அது தாங்கிப் பிடிக்கும்.

வெயில்

கடல் மீனுக்கு 25, 26 டிகிரி போதும். மே மாதச் சென்னை 40ஐத் தாண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அது பிடித்து வைக்கும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடும். இரண்டும் சேர்ந்து இழுப்பதால்தான் கோடையில் மீன் சாகிறது. சில்லர் என்ற குளிர்விக்கும் கருவி இல்லாமல் உப்புநீர்த் தொட்டி பற்றி நம் ஊரில் பேசுவதே வீண்.

இதிலும் இரண்டு. ஒவ்வொன்றும் தனியாகவே தொட்டியைத் தாங்கும் அளவு, முறை வைத்து ஓடட்டும். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்காவது கக்கியாக வேண்டும். பின் அறைக்குள்ளேயே வைத்தால் அறை சூடாகி, அந்தச் சூடு தண்ணீருக்கே திரும்பி வரும். வெளிச்சுவரில் ஏ.சி. அவுட்டோர் வைப்பது போல நிழலில் வையுங்கள். உள்ளே சுருள் டைட்டானியமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு என்றால் உப்புநீர் அதை அரிக்கும், கரைந்த செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும்.

கரண்ட்

பம்ப்புகளையும் கருவிகளையும் ஒரே லைனில் மாட்டாதீர்கள். குறைந்தது நான்கு தனி லைன், ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று. ஒரு பம்ப்பில் கசிவு வந்து ஒரு லைன் விழுந்தால் மற்ற மூன்றும் ஓடும். மொத்தத்துக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போட்டு, ஊருக்குப் போயிருக்கும்போது அது விழுந்துவிட்டால், திரும்பி வந்து பார்க்க எதுவும் மிஞ்சாது. சுவிட்ச் போர்டைச் சம்ப்புக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஒயரும் ப்ளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ப்ளக் வரை போகாது.

இனி வர்தா எனக்குக் கற்றுத் தந்தது. கரண்ட் போனால் உடனே ஓட வேண்டியவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு மேலேற்று பம்ப், இரண்டு வேவ்மேக்கர். மூன்றும் சேர்த்து 150 வாட்டுக்குள் அடங்கும். 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி இவற்றை ஒரு முழு நாளுக்கு மேல் ஓட்டும். கரண்ட் போனது தெரியாத மாதிரி அதுவாகவே மாறட்டும். சில்லருக்கும் ஸ்கிம்மருக்கும் தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர், மூன்று நாளுக்கு டீசல். இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப்புகள் நான்கு அலமாரியில் இருக்கட்டும். அவை சில ஆயிரம் ரூபாய்தான்.

வெப்பம், பி.ஹெச்., நீர்மட்டம், கசிவு இவற்றைக் கண்காணித்துக் கைப்பேசிக்குத் தகவல் அனுப்ப நெப்டியூன் ஏபெக்ஸ், ஜி.ஹெச்.எல். புரொஃபிலக்ஸ் போன்ற கருவிகள் உண்டு. வாங்குங்கள். ஆனால் சில்லரை அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டும் கட்டுப்படுத்தட்டும், ஏபெக்ஸ் மேற்பார்வை மட்டும் பார்க்கட்டும். கருவிக்கு எஜமானாக இன்னொரு கருவியை வைத்தால் அது கெடும் நாளில் இரண்டும் போகும்.

தண்ணீரும் உப்பும்

கடல் பக்கத்திலேயே இருக்க, ஏன் உப்பு வாங்கிக் கலக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1909லேயே மெரினாவில் கடல் மீன் காட்சியகம் திறந்து நடத்தியிருக்கிறார்கள், இரண்டாம் உலகப் போரின்போதுதான் அது போனது. ஆனால் இன்றைக்குச் சென்னைக் கரையோரத் தண்ணீரில் கழிவுநீரும் எண்ணெயும் கலக்கின்றன, வடகிழக்குப் பருவமழையில் உப்பின் அளவும் இறங்குகிறது. பணம் இருக்கும்போது ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரித் தண்ணீர் கிடைக்கும் வழியையே தேர்ந்தெடுங்கள்.

போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, முதலில் ஆர்.ஓ., அப்புறம் மிஞ்சிய உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின். கடைசியில், கரைந்த பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். குடிக்கும் தண்ணீர் ஆர்.ஓ.வில் மினரல் சேர்ப்பார்கள், அது இங்கே உதவாது. நம் அமைப்பில் பாறையின் இடம் போகச் சுமார் 2,500 லிட்டர் ஓடும். லிட்டருக்கு 37 கிராம் போல உப்புக் கலவை, மொத்தம் தொண்ணூறு கிலோவுக்கு மேல். உப்பைத் தண்ணீரில்தான் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கால்சியம் வீழ்படிவாகிவிடும். ஒருநாள் பம்ப் வைத்துக் கலக்கி, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்தில் 35 பங்கு) வருகிறதா என்று பாருங்கள்.

ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். ஆகவே குறைந்த மட்டத்தைச் சுத்த நீரால்தான் நிரப்ப வேண்டும். இதைத் தானாகச் செய்யும் கருவி உண்டு. அது இழுக்கும் தொட்டி 60 லிட்டருக்கு மேல் வேண்டாம். கருவி பழுதாகி மொத்தமும் கொட்டினால்கூட உப்பு 35லிருந்து 34.2க்குத்தான் இறங்கும், மீனுக்கு அது ஒன்றும் செய்யாது. 500 லிட்டர் தொட்டியை நேராக இணைத்திருந்தால் ஒரே இரவில் உப்பு தடாலென்று இறங்கி, சம்ப்பும் நிரம்பி வழிந்திருக்கும்.

பாறை

1970களில் பெர்லின் ஆர்வலர்கள் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் ஸ்கிம்மரையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். பாறையின் நுண்துளைகளில் இருக்கும் பாக்டீரியாவே வடிகட்டி. இன்றுவரை உலகம் முழுக்க அடிப்படை அதுதான். ஆனால் உயிர்ப்பாறை என்பது பெரும்பாலும் செத்த பவளம், அதனால் நமக்கு ஆகாது. சிமென்ட்டிலும் செராமிக்கிலும் செய்த துளைப்பாறைகள் கிடைக்கின்றன. சிமென்ட் பாறை என்றால் பி.ஹெச். அடங்கும்வரை பல வாரம் தண்ணீர் மாற்றி ஊற வைக்க வேண்டும்.

அடுக்கும்போது கண்ணாடிமேல் நேராக வைத்து, பாறைக்குப் பிறகு மணலைப் போடுங்கள். மீன் மணலைத் தோண்டினாலும் பாறை சரியாது. இரண்டு தீவுகளாக அடுக்கி நடுவில் ஒரு கால்வாய் விடுங்கள். பெரிய மீன் ஒவ்வொன்றுக்கும் உள்ளே புகுந்து படுக்க ஒரு குகை, அதற்கு இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் இருந்தால் பலவான் மறித்துக்கொண்டு நிற்பான், உள்ளே மாட்டியது பட்டினி கிடக்கும். வேறு தொட்டிக்காரரிடமிருந்து ஊதாநிறக் கோரலைன் பாசியைக் கொஞ்சம் சுரண்டி வாங்கிப் போட்டால் ஒரு வருடத்தில் வெள்ளைப் பாறை முழுக்க நிறம் ஏறும்.

மீன் இல்லாத மாதங்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது குறைந்த அளவில் கெடுதல் செய்யாது. இந்த இரண்டு கூட்டமும் பாறையில் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. புட்டி பாக்டீரியாவை ஊற்றி, அமோனியம் குளோரைடால் அமோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஏற்றுங்கள். ஒரே நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். 'மலிவான மீனை முதலில் விட்டுப் பார்க்கலாம்' என்று கடையில் சொல்வார்கள். விஷத்தை அளக்க டெஸ்ட் கிட் இருக்கும்போது ஓர் உயிரை விட்டு அளக்காதீர்கள்.

தனிமைத் தொட்டி

பெரும் செலவு செய்தவர்கள் கூட இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், தொட்டிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சில நாளில் புள்ளி விழுந்துவிடும், மீன் தேறிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, பல மடங்கு குஞ்சு பொரித்துத் திரும்ப வரும். பெரிய தொட்டிக்குள் அது புகுந்துவிட்டால் எல்லா மீனையும் பிடித்து வெளியே வைத்து, 76 நாள் தொட்டியை வெறுமையாக விட வேண்டும். 8 அடித் தொட்டியில் பாறையைப் பிரிக்காமல் ஒரு ஏஞ்சலைப் பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

அதனால்தான் பின் அறையில் 150 லிட்டரில் மூன்று தொட்டிகள் சொன்னேன். மணலும் பாறையும் இல்லாமல், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மட்டும். வலை, வாளி எல்லாம் தனித்தனி. புது மீன் வந்ததும் இரண்டு மூன்று நாள் தின்னப் பழக்கி, பிறகு 30 நாள் செம்பு மருந்து. எவ்வளவு என்பது மருந்தின் வகையைப் பொறுத்து மாறும். புட்டியில் போட்ட அளவில் வைத்து, டெஸ்ட் கிட்டால் தினமும் சரிபாருங்கள். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் போகும். மீனைத் தொற்றும் தட்டைப்புழுவுக்கு பிராசிகுவாண்டல் என்ற மருந்து இரண்டு தவணை. எல்லாம் முடிந்து இரண்டு வாரம் மருந்தில்லாமல் நோட்டம். அதன் பிறகே பெரிய தொட்டி.

எந்த மீன்?

பணம் நிறைய இருப்பவர்க்கு அபூர்வ மீன்மேல் ஆசை வரும். பசிபிக்கில் குக் தீவுகளின் ஆழத்தில் பெப்பர்மின்ட் ஏஞ்சல் என்று சிவப்பு வெள்ளை வரி போட்ட ஒரு குட்டி மீன் இருக்கிறது. அதன் விலை பல ஆயிரம் டாலர். படம் பார்த்தே நான் திருப்திப்பட்டுக்கொள்கிறேன். மூரிஷ் ஐடலையும் விட்டுவிடுங்கள், எவ்வளவு பெரிய தொட்டியிலும் பெரும்பாலும் பட்டினி கிடந்தே சாகும். பட்டர்ஃப்ளைகளில் பவளம் மட்டுமே தின்கிற மெலன் வகையைக் கடையில் சர்வசாதாரணமாக விற்பார்கள், அதுவும் வேண்டாம்.

பிடித்த விதத்தையும் கேளுங்கள். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி வந்த மீன் கடையில் நன்றாகத்தான் இருக்கும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் செத்துப்போகும். பொரிப்பகத்தில் பிறந்த மீனுக்கு எத்தனை மடங்கு விலை வந்தாலும் கொடுங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், இரண்டுமே கோமாளி மீனைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஹவாயின் மஞ்சள் டாங் மீனையும் 2015ல் முதல்முறையாகப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்தார்கள்.

என் தேர்வில் முதலில் வருவது ஒரு ஜோடி சீபே கோமாளி மீன், நம் கடலிலேயே வாழும் இனம். அடுத்து இழைத்துடுப்பு பட்டர்ஃப்ளை இரண்டு. பிறகு ஃபாக்ஸ்ஃபேஸ், நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகு முள்ளில் விஷம் உண்டு, கை போடும்போது கவனம். அடுத்து ஒரு மஞ்சள் டாங், ஒரு நீல டாங். அடாவடி செய்பவற்றைக் கடைசியில் விட வேண்டும். முன்னால் விட்டால் தொட்டி முழுவதும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் இடையே ஒரு மாதம். மொத்தம் பன்னிரண்டு மீனைத் தாண்ட வேண்டாம்.

தீனி விஷயத்தில் நம் ஊர் கொடுத்து வைத்த ஊர். காசிமேட்டில் வாங்கிய இறால், கணவாய், மட்டி மூன்றையும் கழுவி, பொடியாக அரிந்து, சில நாள் உறைய வைத்து, சின்னச் சின்னக் கட்டியாகக் கொடுங்கள். டாங்குக்கும் ஓராவுக்கும் தினமும் நோரி கடற்பாசித் தாள், கிளிப்பில் மாட்டி.

வாரம்தோறும்

280 லிட்டர் மாற்றுங்கள், வால்வைத் திறந்தால் வடிகாலுக்குப் போகும், பம்ப்பைப் போட்டால் புதுத் தண்ணீர் வரும், இருபது நிமிட வேலை. நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை மூன்றையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். ஒருநாள் அளவைவிட நாலு வாரத்தில் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு முன்கூட்டியே பழக்கம் கொடுங்கள், நீங்கள் இருக்கும்போதே இரண்டு முறை அவரே தனியாகச் செய்யட்டும்.

பன்னிரண்டாம் மாதம்

கடைசி மீன் எம்பெரர் ஏஞ்சல். பெரியதை வாங்காதீர்கள், எட்டு செ.மீ. குட்டி போதும். கருநீல உடம்பில் வாலுக்குப் பக்கத்தில் மையம் வைத்து வெள்ளை வட்டங்கள் சுற்றிச் சுற்றிப் போகும். கடலில் முதன்முறை பார்க்கிறவர்கள் இதையும் பெரிய மீனையும் வேறு வேறு இனம் என்றே நினைப்பார்கள். தனிமைத் தொட்டியில் ஒன்றரை மாதம் முடிந்த பிறகு, ஒரு மாலை நேரத்தில் கூடத்து விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு விடுங்கள். மற்ற மீன்களுக்கு அதற்கு முன்பே வயிறு நிறையத் தீனி போட்டிருக்க வேண்டும். அன்றிரவு அது பாறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், தேடாதீர்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ கால்வாய் வழியாகத் தானே வெளியே வரும். மாதங்கள் போகப் போக வட்டங்கள் உடைந்து நீளும், இடையில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை விழும். வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில்.